பழைய வால்வு வானொலியை மீண்டும் பாட வைப்பது எப்படி? பிளக்கைச் சொருகும் முன் அறிய வேண்டியவை

திகாம் பத்து: தோட்ட லயங்களைக் காலி செய்துவிட்டு தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறிய கெடா தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் ஒரு கனமான மரப்பெட்டி இருக்கிறது. முன்பக்கம் துணி, அதன் கீழே ஊர்ப் பெயர்களும் எண்களும் அச்சிட்ட கண்ணாடி, இரண்டு அல்லது நான்கு திருகுகள். தாத்தா வாங்கியது என்பார்கள். பாடி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. அதன் மேல் பூச்சாடியோ சாமி படமோ வைத்திருப்பார்கள்.

பெருநாளுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பிள்ளைகளில் ஒருவருக்கு ஆர்வம் வரும். "இன்னும் வேலை செய்யுதான்னு பார்ப்போமே" என்று பிளக்கைச் சுவரில் சொருகுவார்கள். பல வானொலிகள் உண்மையில் பாழாவது இந்த நிமிடத்தில்தான். நாற்பது ஐம்பது ஆண்டுகள் மூலையில் கிடந்தபோது பிழைத்திருந்த டிரான்ஸ்பார்மர், சொருகிய சில நிமிடங்களில் புகைந்து விடும். சில வகைப் பெட்டிகளில் ஆபத்து பெட்டிக்கு மட்டும் அல்ல, தொட்டவரின் உயிருக்கும்தான்.

ஆகவே இக்கட்டுரையில் வேறு எது மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த வால்வு வானொலியைச் சோதிக்காமல் மின்சாரத்தில் சொருகக் கூடாது.

தோட்டத்துக்கு வானொலி வந்த கதை

கெடாவுக்கு மிக அருகில் வானொலி ஒலித்தது பினாங்கில். பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934இல் இசட்.எச்.ஜே. என்ற நிலையத்தைத் தொடங்கி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பியது. சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் 1937 மார்ச் முதல் தேதி பெரிய நிலையம் திறக்கப்பட்டது. அந்நாளில் வானொலிப் பெட்டி துரை பங்களாவுக்கும் பட்டணத்து வணிகர் வீட்டுக்கும் உரிய பொருளாக இருந்தது.

ஜப்பானியர் காலத்தில் வானொலி ஆபத்தான பொருளாக மாறியது. தூர தேசத்து ஒலிபரப்பைக் கேட்க முடியாதபடி பெட்டிகளில் சிற்றலைப் பகுதியைச் செயலிழக்கச் செய்தார்கள். மறைவாக நேச நாடுகளின் செய்தியைக் கேட்டவர்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள். பேராக், பாப்பானில் தம் கணவர் டாக்டர் காத்திகேசுவுடன் மருந்தகம் நடத்திய சிபில் காத்திகேசு இரகசியமாக வானொலி வைத்திருந்ததும், போராளிகளுக்குச் சிகிச்சை அளித்ததும், ஜப்பானிய இராணுவப் போலீசிடம் சிக்கி வதைபட்டதும் நாடறிந்த வரலாறு.

போர் முடிந்து 1946 ஏப்ரல் முதல் தேதி மலாயா வானொலிக்கு வித்திட்ட ஒலிபரப்பு இலாகா அமைந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், அரசாங்கம் தன் செய்தியை மக்களிடம் கொண்டு செல்ல கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிகளை வைத்தது. மண்டபத்தில் ஒரு பெட்டி, சுற்றிலும் ஊரே அமர்ந்திருக்கும். செய்திக்காக வைத்த பெட்டியில் நம்மவர்கள் காத்திருந்தது பெரும்பாலும் பாட்டுக்கும் நாடகத்துக்கும்தான். 1950களில் கிராணி வீட்டிலும், பிறகு மெல்ல மெல்லத் தொழிலாளர் வீடுகளிலும் சொந்தப் பெட்டி வந்தது. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நடந்ததைத் தோட்டத்தில் இருந்தவர்கள் கேட்டதும் வால்வு வானொலி வழியாகத்தான்.

டிரான்சிஸ்டர் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1954இல் முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. 1960களில் கையில் தூக்கிச் செல்லும் சிறு பெட்டிகள் இங்கும் பரவின. 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சியும் தொடங்கியது. கனத்த வால்வு பெட்டி அலமாரி மேல் ஏறியது. பல பெட்டிகள் வீடு மாறும்போது பழைய இரும்புக்காரரிடம் போயின. மீந்தவை இன்று ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

வால்வு என்ன செய்கிறது?

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழ். உள்ளே ஒரு கம்பி சூடாகும். அந்தச் சூட்டில் கேத்தோடு என்னும் உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே உள்ள தகட்டில் உயர்ந்த நேர்மின் அழுத்தம் இருப்பதால் அவை அதை நோக்கி ஓடும். இடையில் ஒரு கம்பி வலை உண்டு. வலைக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்த மாற்றம், தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டும், குறைக்கும். சிறு வாய்க்கால் மடையைத் திருகிப் பெரிய நீரோட்டத்தைக் கட்டுப்படுத்துவது போன்றது இது. பிளெமிங் 1904இல் இரண்டு உறுப்பு வால்வையும், லீ டி பாரஸ்ட் 1906இல் வலை சேர்ந்த மூன்று உறுப்பு வால்வையும் உருவாக்கினார்கள்.

கம்பி சூடாக நேரம் எடுப்பதால்தான் பழைய வானொலி சுவிட்சைப் போட்டதும் பாடாது. இருபது முப்பது விநாடி கழித்தே மெல்ல குரல் எழும்பும்.

வால்வின் மேல்புறத்திலோ பக்கத்திலோ உட்புறமாக வெள்ளிப் பூச்சு தெரியும். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சுவதற்காக வைக்கப்பட்டது அது. பளபளப்பாக இருந்தால் குமிழ் உடையவில்லை என்று பொருள். பால் போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு இனி உதவாது. இதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை.

பெயரே சொல்லும் பெட்டியின் வகை

பழுது பார்ப்பதற்கு முன் கையில் இருப்பது எந்த வகைப் பெட்டி என்று தெரிந்தாக வேண்டும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பின் அட்டையைத் திறந்து வால்வுகளின் பெயரைப் படித்தாலே போதும். பிலிப்ஸ், மல்லார்டு போன்ற ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து சூடாகும் கம்பியின் தன்மையைச் சொல்லும்.

டி என்று தொடங்கினால் பேட்டரி வானொலி. டி.கே.91, டி.எப்.91, டி.ஏ.எப்.91, டி.எல்.92 ஆகியவை ஒன்றாக இருப்பதை அடிக்கடி காணலாம். கம்பிக்கு 1.4 வோல்ட், தகட்டுக்கு 90 வோல்ட் தேவை. லயங்களில் மின்சாரம் இல்லாத காலத்தில், அல்லது மாலையில் சில மணி நேரம் மட்டுமே தோட்டத்து ஜெனரேட்டர் ஓடிய காலத்தில், இத்தகைய பெட்டிகள்தான் கைகொடுத்தன.

இ என்று தொடங்கினால் 6.3 வோல்ட் கம்பி. இ.சி.எச்.81, இ.எப்.89, இ.பி.சி.81, இ.எல்.84, இ.இசட்.80 ஆகிய ஐந்தும் 1950களின் பிற்பகுதியில் வந்த பெட்டிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மர் இருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் பெட்டியின் உலோகச் சட்டத்தை நேரடியாகத் தொடாது. பழுது பார்க்கப் பழகுவோருக்கு இந்த வகைதான் ஏற்றது.

யு என்று தொடங்கினால் எச்சரிக்கை தேவை. யு.சி.எச்.42, யு.எப்.41, யு.பி.சி.41, யு.எல்.41, யு.ஒய்.41 போன்ற வால்வுகளின் கம்பிகள் எல்லாம் கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்கு போல ஒரே தொடரில் இருக்கும். ஒன்று அறுந்தால் அத்தனையும் அணைந்து விடும். நேர் மின்சாரம், மாறு மின்சாரம் இரண்டிலும் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட பெட்டிகள் இவை. பெரும்பாலும் தனிப்பு டிரான்ஸ்பார்மர் இருக்காது. சுவர் மின்சாரத்தின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு நேராக இணைந்திருக்கும். பிளக் மாறிச் சொருகப்பட்டாலோ, கம்பி மாற்றிக் கட்டப்பட்டாலோ சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறும். திருகின் பிளாஸ்டிக் மூடி கழன்றிருந்தால் அந்த இரும்புத் தண்டைத் தொட்டாலே போதும், உயிர் போகலாம்.

அமெரிக்க வால்வுகளில் முதல் எண் கம்பியின் வோல்ட்டைக் காட்டும். 50எல்6, 35இசட்5 போன்றவை இருந்தால் அந்தப் பெட்டி 110 முதல் 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதாக இருக்கும். நம் நாட்டுச் சுவரில் நேரடியாகச் சொருகினால் சில விநாடிகளில் கம்பிகள் எரிந்து போகும்.

ஏன் கெட்டுப் போகிறது?

பொதுவாக எல்லாரும் வால்வைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் பல பெட்டிகளில் வால்வுகள் இன்னும் நலமாகவே இருக்கும். முதலில் சாவது கண்டென்சர்கள்தான்.

கண்டென்சர்கள் இரண்டு வகை. ஒன்று, அலுமினியக் குப்பிக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக். மின்சாரத்தைச் சீராக்குவது இதன் வேலை. உள்ளிருக்கும் ஈரம் காலப்போக்கில் வற்றிவிடும். பயன்படுத்தாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய காப்புப் படலமும் சிதைந்து விடும். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அது சூடாகி வெடிக்கும், அல்லது தனக்கு மின்சாரம் தரும் ரெக்டிபையர் வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் தன்னோடு இழுத்துச் செல்லும்.

இரண்டாவது, மெழுகு பூசிய காகித கண்டென்சர். காகிதம் ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டின் வெக்கையும் ஈரமும் அதற்குப் பெரிய எதிரி. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய காகிதம் கசிய விடத் தொடங்கும். இவற்றுள் ஒன்று மிக முக்கியமானது. ஒலியைப் பெருக்கும் கடைசி வால்வின் வலைக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் அது. பெரும்பாலும் 0.01 மைக்ரோ பாரட் அளவில் இருக்கும். அது கசிந்தால் வலையில் நேர்மின் அழுத்தம் ஏறி, வால்வு கட்டுப்பாடின்றி மின்சாரத்தை இழுக்கும். முதலில் குரல் கரகரக்கும், பிறகு வால்வு சிவக்கும், கடைசியில் ஒலிபெருக்கிக்கு முன் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும். சில வெள்ளி விலையுள்ள ஒரு பொருளைக் கவனிக்காமல் விட்டதற்கு, கிடைப்பதற்கே அரிதான ஒன்றை இழக்க நேரிடும்.

இவை தவிர கம்பிகளின் ரப்பர் உறை காய்ந்து தூளாக உதிரும். கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு ஏறிப் போகும். மெல்லிய செப்புச் சுருள்களில் பச்சைக் களிம்பு பிடித்து அறும். பல்லி முட்டை, கரப்பான் எச்சம், எலி கடித்த ஒலிபெருக்கிக் காகிதம், கரையான் அரித்த பலகை ஆகியவையும் வெப்ப நாட்டுப் பெட்டிகளில் சாதாரணம்.

வேலையைத் தொடங்கும் முறை

முதல் வேலை படம் எடுப்பது. பின் அட்டையைத் திறந்ததும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். எந்த வால்வு எந்தக் குழியில், எந்த நூல் எந்தச் சக்கரத்தில் என்பதெல்லாம் பிறகு நினைவில் நிற்காது. பெட்டியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்குரிய மின்சுற்று வரைபடத்தைத் தேடிப் பிடிப்பது பாதி வேலையை முடித்ததற்குச் சமம்.

அடுத்து துப்புரவு. மெல்லிய தூரிகையும் காற்றும் போதும். அலைவரிசைக் கண்ணாடியின் பின்புற எழுத்துகளைத் தண்ணீரோ தின்னரோ தொடக் கூடாது. ஒரே துடைப்பில் எழுத்தெல்லாம் போய்விடும், அதைத் திரும்ப எழுத முடியாது. வால்வின் மேல் அச்சிட்ட பெயரும் அப்படியே. சில பெட்டிகளில் சூடாகும் பகுதிக்கு மேல் சாம்பல் நிறத் தாள் ஒட்டியிருக்கும். அது கல்நாராக இருக்கலாம் என்பதால் சுரண்டவோ கிழிக்கவோ கூடாது.

மூன்றாவது, மின்சாரம் கொடுக்காமலே மல்டிமீட்டரில் அளப்பது. மின் டிரான்ஸ்பார்மரின் சுருள்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுருள், ஒலிபெருக்கி, வால்வுகளின் கம்பி ஆகிய ஒவ்வொன்றிலும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் முதல் சுருள் சில நூறு ஓம் காட்டினால் நல்லது. எதுவும் காட்டவில்லை என்றால் அறுந்திருக்கிறது.

நான்காவது, சுவர்க் கம்பியை மாற்றுவது. டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டிக்கு மூன்று இழைக் கம்பி போட்டு, எர்த் கம்பியைச் சட்டத்தில் உறுதியாகத் திருக வேண்டும். நம் மூன்று முனை பிளக்கில் வழக்கமாக 13 ஆம்பியர் பியூஸ் இருக்கும். வானொலிக்கு அது மிக அதிகம், 3 ஆம்பியர் போதும். யு வகைப் பெட்டியின் சட்டத்தில் எர்த் கம்பியை இணைக்கக் கூடாது. அங்கே நியூட்ரல்தான் சட்டத்தின் பக்கம் வர வேண்டும்.

ஐந்தாவது, காகித கண்டென்சர்கள் அனைத்தையும் மாற்றுவது. அதே மைக்ரோ பாரட் மதிப்பில் 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் போடலாம். சுவர் மின்சாரத்தின் குறுக்கே நிற்பதற்கு எக்ஸ்2 வகையும், ஏரியல் அல்லது எர்த் துளைக்கும் சட்டத்துக்கும் இடையில் நிற்பதற்கு ஒய் வகையும்தான் போட வேண்டும். சாதாரண கண்டென்சர் அங்கே ஆகாது. எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றுவது நல்லது. மதிப்பைக் கூட்டிப் போட்டால் ஒலி இன்னும் நன்றாக இருக்கும் என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. இ.இசட்.80 போன்ற ரெக்டிபையர் வால்வு தன்னை அடுத்து 50 மைக்ரோ பாரட் வரைதான் தாங்கும். பழைய தோற்றம் கெடாமல் இருக்க, அலுமினியக் குப்பியை அப்படியே விட்டுவிட்டு புதியதைச் சட்டத்தின் அடியில் மறைத்து வைக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யக் கூடாது. சுருள் பெட்டிகளின் உள்ளே இருக்கும் சிறு திருகுகளைத் திருகிப் பார்க்கக் கூடாது. அவை 452 அல்லது 465 கிலோ ஹெர்ட்ஸ் போன்ற குறிப்பிட்ட அலைவரிசைக்குத் தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்டவை. கருவி இல்லாமல் தொட்டால், கேட்டுக்கொண்டிருந்த நிலையமும் போய்விடும்.

விளக்கு சொல்லும் சேதி

இப்போதுதான் மின்சாரம். அதையும் நேராகக் கொடுக்காமல், வானொலிக்குத் தொடராக ஒரு 60 வாட் குண்டு விளக்கை இணைத்துக் கொடுப்பது பழுது பார்ப்போரின் பழைய வழக்கம். எல்.இ.டி. விளக்கு உதவாது, கம்பி எரியும் பழைய விளக்குதான் வேண்டும்.

முதலில் வால்வுகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட வேண்டும். டிரான்ஸ்பார்மர் நலமாக இருந்தால் விளக்கு எரியாது, அல்லது மங்கலாகச் சிவக்கும். பளீரென்று எரிந்தால் டிரான்ஸ்பார்மரிலோ அதை ஒட்டிய கம்பியிலோ கோளாறு. சரியாக இருந்தால் வால்வுகளைப் பொருத்தி மீண்டும் போட வேண்டும். விளக்கு ஒருகணம் பிரகாசித்து மங்கி, வால்வுகள் சூடானதும் சற்றே ஒளி கூடி நிலைத்தால் நல்ல அறிகுறி. முழு ஒளியோடு நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும்.

விளக்கு வானொலியைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது என்பதை மறக்கக் கூடாது. உள்ளே 250 வோல்ட் வரை இருக்கும். அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். சில ஆயிரம் ஓம் உள்ள ஒரு ரெசிஸ்டரைக் காப்பிட்ட பிடியுடன் வைத்து அதை வடித்துவிட்டு, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பதும், தனியாக இருக்கும்போது செய்வதும், இரண்டு கைகளையும் உள்ளே விடுவதும் கூடாது. யு வகைப் பெட்டியைத் தனிப்பு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் திறந்து வைத்து ஓட்டவே கூடாது. அந்த டிரான்ஸ்பார்மர் வழியாக ஓட்டும்போது வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் காக்கும் என்று நம்பி இருக்கவும் முடியாது. அனுபவம் இல்லாதவர்கள் இந்த வகையை, தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

பல பெட்டிகளின் பின்புறம் 110, 127, 220, 245 என்று வோல்ட் தேர்வு செய்யும் இடம் இருக்கும். நம் மின்சாரம் இன்று பெயரளவில் 230 வோல்ட், முன்பு 240. ஆகவே 240 அல்லது 245 என்ற இடத்தில் வைப்பதே வால்வுகளுக்கு நல்லது.

பேட்டரி வானொலிக்கு வேறு வழி

90 வோல்ட் பேட்டரி இப்போது கடைகளில் கிடைப்பதில்லை என்று டி வகைப் பெட்டிகளைக் கைவிட வேண்டியதில்லை. பத்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட் கிடைத்துவிடும். கம்பிக்கு ஒரு பெரிய 1.5 வோல்ட் பேட்டரி போதும். தகட்டுப் பக்கம் ஏறக்குறைய பத்து மில்லி ஆம்பியர்தான் செலவாகும். ஆனால் இரண்டையும் மாற்றி இணைத்தால் முடிந்தது. 90 வோல்ட் தலைமுடி போன்ற அந்தக் கம்பிகளில் பாய்ந்து, நான்கு வால்வுகளும் ஒரே கணத்தில் போய்விடும். கண்டென்சர் கசிவினாலும் அதே விபத்து நேரலாம் என்பதால், வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, குழிகளில் கம்பி முனைகளுக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்த பிறகே வால்வுகளைப் பொருத்த வேண்டும்.

பாட வைத்த பிறகு என்ன கேட்பது?

பல வாரம் உழைத்துச் சரிசெய்தவருக்குக் காத்திருக்கும் ஏமாற்றம் இதுதான். பெட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் பிடிக்கத் தமிழ் நிலையம் இல்லை. பழைய பெட்டிகள் பலவற்றில் மத்திய அலையும் சிற்றலையும்தான் உண்டு. இன்று மின்னல் எப்.எம். உட்பட நம் தமிழ் வானொலிகள் பண்பலைக்கு மாறிவிட்டன. சிற்றலையில் சில வெளிநாட்டு நிலையங்கள் இன்னும் ஒலிக்கின்றன. இரவில் தூரத்து மத்திய அலை நிலையங்களும் வரலாம். ஆனால் எல்.இ.டி. விளக்கும் கைப்பேசி சார்ஜரும் எழுப்பும் இரைச்சல் அவற்றை மூழ்கடிக்கும். கேட்டுப் பார்க்க விரும்புவோர் வீட்டில் அவற்றை அணைத்துவிட்டு, சில மீட்டர் நீளக் கம்பியை ஏரியல் துளையில் சொருகிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் வெளியே கட்டிய ஏரியலைக் கழற்றி வைப்பது அவசியம். இடி மின்னல் அதிகமான நாடு நம்முடையது.

இதற்குப் பெட்டியிலேயே ஒரு வழி இருக்கிறது. கிராமபோனை இணைப்பதற்காகப் பின்புறம் இரண்டு துளைகள் பல பெட்டிகளில் உண்டு. அதன் வழியாகக் கைப்பேசியின் ஒலியை அனுப்பினால், மின்னலின் இன்றைய ஒலிபரப்பும் பழைய பாடல்களும் அதே வால்வில், அதே மரப்பெட்டியின் கனத்த குரலில் ஒலிக்கும். இடது, வலது ஒலிகளை ஆளுக்கு ஒரு 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி, இடையில் ஒரு சிறு ஆடியோ டிரான்ஸ்பார்மர் வைத்து இணைப்பது நல்ல முறை. இணைத்திருக்கும்போது கைப்பேசியைச் சார்ஜரில் போட வேண்டாம். யு வகைப் பெட்டியில் இந்த இணைப்பைச் செய்யவே கூடாது. காதில் வைக்கும் கைப்பேசிக்கு 230 வோல்ட் வர வழி செய்ததாக ஆகிவிடும்.

இந்தத் துளை பழுதைக் கண்டுபிடிக்கவும் உதவும். கைப்பேசிப் பாட்டு தெளிவாக ஒலித்து, நிலையம் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு முன்பகுதியில், அதாவது அலைகளைப் பிடிக்கும் பகுதியில் இருக்கிறது. பாட்டும் வரவில்லை என்றால் பின்பகுதியைப் பார்க்க வேண்டும். ஓயாமல் ம்ம்ம் என்ற ரீங்காரம் கேட்டால் எலக்ட்ரோலிட்டிக். திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே அழுக்கு. சூடானதும் குரல் நசுங்கினால் முன்னே சொன்ன அந்தக் காகித கண்டென்சர்.

கைத்தொழிலும் நினைவும்

ஒரு காலத்தில் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களில் வானொலிப் பழுதுக் கடைகளில் இந்த வேலை அன்றாடம் நடந்தது. மீட்டரும் ஈயம் பற்றவைக்கும் இரும்பும் மட்டும் கொண்டு, குரலைக் கேட்டே கோளாறைச் சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று அவர்களில் எஞ்சியிருப்போர் முதியவர்கள். அவர்கள் கற்றது புத்தகத்தில் பாதி, கையில் பாதி. கையில் இருக்கும் பாதி அவர்களோடு போய்விடும்.

கூலிமிலும் ஜித்ராவிலும் உள்ள போலிடெக்னிக்குகளில் மின்னியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வால்வு பாடத்தில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மின்சாரம் எப்படி ஒலியாகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்க இதைவிட எளிய பொருள் இல்லை. ஒவ்வொரு பாகமும் தனியாகத் தெரியும், ஒவ்வொரு கம்பியும் தொடரத்தக்கது. ஊரில் இருக்கும் ஒரு பழைய ரேடியோக்காரரையும் இரண்டு மாணவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் இரு தரப்புக்கும் பயன் உண்டு.

பெட்டியோடு சேர்த்துக் காக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. எந்தத் தோட்டத்தில், யார், எந்த ஆண்டில் வாங்கியது, எத்தனை மாதச் சம்பளத்தில் கட்டிய தவணை, யார் யார் கூடிக் கேட்டார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, ஒரு தாளில் மடித்துப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைக்கலாம். பழைய வானொலி உரிமச் சீட்டோ ரசீதோ கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பெயர்ப்பலகைகளும் காணாமல் போன நிலையில், அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் சாட்சிகள் சிலவே. வேலை செய்யாத பெட்டியானாலும் இந்தக் குறிப்போடு இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. பாடும் பெட்டியானாலும் குறிப்பு இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய சாமான்.

விற்க நினைப்போரும் அவசரப்பட வேண்டாம். பழைய இரும்பு எடைக்குப் போடுவதற்கு முன், படமும் மாதிரி எண்ணும் கொண்டு விசாரித்துப் பார்க்கலாம். மரப்பெட்டி கரையான் அரித்துப் போயிருந்தாலும் உள்ளிருக்கும் வால்வுகளும் டிரான்ஸ்பார்மரும் இன்னொரு பெட்டிக்கு உயிர் கொடுக்கும். அதுவரை செய்ய வேண்டியது எளிது: பிளக்கைச் சுவரில் சொருகாமல், ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வைத்திருந்தால் போதும்.